யார் சொல்லை நம்புவது? இந்திய தத்துவத்தில் தர்க்கமும் சிரத்தையும்

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆவது காதையில் ஒரு சிரிப்பு வருகிறது. மாதவன் (பெருந்துறவி) வேடம் பூண்டு வஞ்சி மாநகருக்குள் நுழைந்த மணிமேகலை, சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டு வருகிறாள். கடைசியாக எதிர்ப்படுபவன் பூதவாதி. தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் கூடினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான் அவன். கண்ணால் கண்டதே அறிவு, கருதி அறிவது செல்லாது, மறுமை என்பது பொய். முற்பிறப்பு நினைவுள்ள மணிமேகலை சிரித்துவிடுகிறாள். அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாம், ஐயத்துக்குரியது என்று அவன் மறுக்கிறான். அப்போது அவள் கேட்கிறாள்: ‘நின் தந்தை தாயரை அனுமானத்தால் அலது இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்?’

எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். நம்மில் யாரும் நம் பிறப்பைப் பார்த்ததில்லை. வீட்டார் சொன்னார்கள், ஏற்றுக்கொண்டோம். மணிமேகலை இதை அனுமானம் என்கிறாள்; தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாயப் பள்ளியைச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், ‘இது அனுமானம்கூட இல்லையம்மா, பிறர் சொல்லால் வந்த அறிவு’ என்று திருத்தியிருப்பார். அவர்கள் இருவரும் வேறுபடும் அந்தச் சிறிய இடத்தில்தான், அறிவையும் நம்பிக்கையையும் பற்றி இந்தியத் தத்துவ மரபு நடத்திய பெரிய வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

‘பகுத்தறிவா, நம்பிக்கையா’ என்று இன்று நாம் கேட்கும்போது, எதிரெதிரே நிற்கும் இரண்டு முகாம்கள் மனத்தில் எழுகின்றன. ஒரு பக்கம் கடவுள், வேதநூல், சடங்கு. மறுபக்கம் தர்க்கம், ஐயம், சோதனை. இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இந்திய தரிசனங்களுக்குள், அதாவது தத்துவப் பள்ளிகளுக்குள், போனால் வழி தவறிவிடும். சாங்கியம் என்ற பள்ளி வேதத்தை ஏற்கிறது. அதன் பழைய நூலான சாங்கிய காரிகையில் படைப்புக் கடவுளுக்கு வேலை இல்லை. வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சைப் பள்ளியினர் வேதத்துக்கு முழுநேரக் காவலர்; அவர்களே உலகைப் படைத்த ஈசுவரன் என்ற கருத்தை முனைந்து மறுத்தார்கள். சமணர்க்குப் படைப்போன் கிடையாது, ஆனால் கரும வினையிலும் வீடுபேற்றிலும் அசையாத உறுதி உண்டு. நாத்திகன் யார் என்பதற்கு மனுஸ்மிருதி தரும் விளக்கத்திலும் கடவுள் வரவில்லை: வேதத்தை இகழ்பவன் நாத்திகன் என்கிறது அது. ஆக, பிளவுக் கோடு ஓடியது வேறோர் இடத்தில். எதை அறிவின் வழியாக ஏற்பது, யாருடைய சொல்லை எதனால் ஏற்பது என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தமிழில் அழகான ஒரு சொல் இருக்கிறது: அளவை. வடமொழியில் பிரமாணம். நெல்லை மரக்காலால் அளப்பதுபோல, ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று அளக்கும் கருவி. எத்தனை அளவைகள் என்பதில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கணக்கு. பொருள்முதல்வாதிகளான உலோகாயதருக்குக் காட்சி ஒன்று மட்டும். பௌத்தரும் வைசேடிகரும் காட்சி, கருதல் (அனுமானம்) என இரண்டு. சாங்கியர் உரையைச் சேர்த்து மூன்று ஆக்கினர். நியாயப் பள்ளியினரான நையாயிகர் ஒப்பையும் (உவமை) கூட்டி நான்கு. பிரபாகர மீமாம்சகர் ஐந்து, இன்னொரு மீமாம்சகரான குமாரிலரைப் பின்பற்றிய பாட்டர்களும், ஆன்மா ஒன்றே என்னும் அத்வைதிகளும் ஆறு. உரை என்பது பிறர் சொல், ஆகமம், சப்தம். நாம் ‘நம்பிக்கை’ என்று தனியே தள்ளிவைக்கும் பொருள், அங்கே அளவைகளின் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்ததால் அதற்கும் சோதனை உண்டு. எப்போது செல்லும், எப்போது செல்லாது, செல்லும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அது பதில் சொல்லியாக வேண்டும்.

நியாய சூத்திரம் சொன்ன பதில் சுருக்கமானது: ஆப்தனின் உபதேசம் சப்தம். ஆப்தன் யார்? ஏறக்குறைய 5ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். பொருளை நேராக அறிந்தவன், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவன், சொல்லும் திறன் உள்ளவன். இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் இலக்கணம். அடுத்து அவர் எழுதிய வரி என்னை இன்றும் வியக்க வைக்கிறது: இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் (வேத மரபுக்கு வெளியே உள்ள அயலான்) பொது. அறிந்து, மறைக்காமல் சொன்னால், சொன்னவன் எந்தக் குலமானாலும் அவன் சொல் அளவையே. காட்டில் வழி கேட்கும்போது வேடன் சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கிறோம். அவன் சாதியைக் கேட்டுவிட்டு வழி கேட்பதில்லை.

இதே இலக்கணத்தை வேதத்துக்கும் நியாயம் பொருத்திப் பார்த்தது. வேதம் ஏன் செல்லும்? ஆயுர்வேதம் செல்வதுபோல என்கிறது சூத்திரம். மருந்து வேலை செய்வதைக் காண்கிறோம், ஆகவே அதைச் சொன்னவர் அறிந்தவர் என்று தெரிகிறது. வேதத்தைச் சொன்னவரும் அப்படிப்பட்ட ஆப்தர். அதற்கு முன்பே எதிர்த்தரப்பின் வாதத்தையும் நூல் ஒளிக்காமல் எழுதிவிடுகிறது. வேதத்தில் பொய் இருக்கிறது, முரண் இருக்கிறது, கூறியது கூறல் இருக்கிறது. மகன் வேண்டி வேள்வி செய்தார்கள், மகன் பிறக்கவில்லையே? நூல் தரும் பதில்: செயலிலோ செய்தவனிலோ கருவியிலோ குறை இருந்திருக்கும்.

இந்தப் பதில் எனக்கு நிறைவு தருவதில்லை. பலித்தால் வேதத்துக்குப் பெருமை, பலிக்காவிட்டால் செய்தவன் மேல் குற்றம் என்றால், வேதம் தோற்பதற்கு இடமே இல்லாமல் போகிறது. ஆயுர்வேதத்தை உவமையாகக் காட்டிவிட்டு, மருந்துக்கு வைக்கும் அதே கடுமையான சோதனையை வேள்விக்கு வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரியின் கேள்வியைத் தன் நூலுக்குள்ளேயே, அதுவும் கூர்மை குறையாமல், எழுதிவைத்த நேர்மை அதில் இருக்கிறது. முதலில் எதிர்த்தரப்பை நிறுவு, பிறகு மறு, பிறகு உன் முடிவைச் சொல். பூர்வபட்சம், சித்தாந்தம் என்ற இந்த முறையால்தான், சொந்த நூல்கள் பெரும்பாலும் தொலைந்துபோன உலோகாயதரின் வாதங்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன. அவர்களை மறுத்தவர்களே அவர்களைக் காப்பாற்றி வைத்தார்கள்.

மீமாம்சை இதற்கு நேர்மாறான வழியில் போயிற்று. பேசுபவன் இருந்தால்தானே பொய்யும் பிழையும் வரும்? வேதத்தைச் செய்தவன் எவனும் இல்லை, மனிதனும் இல்லை, கடவுளும் இல்லை. ஆகவே குற்றம் புக வழி இல்லை. இதைத்தான் அபௌருஷேயம் என்றார்கள். 7ஆம் நூற்றாண்டின் குமாரில பட்டர் இதற்காகக் கட்டிய தர்க்கம் சாதாரணமானது இல்லை. எந்த அறிவும் பொய் என்று தெரியவரும்வரை தன்னளவில் மெய்யே. மெய் என்று நிறுவ வேறோர் அறிவு வேண்டுமென்றால் அதற்கு இன்னொன்று, அதற்கு மற்றொன்று என்று முடிவே இராது. படைப்புக் கடவுளை அவர் மறுக்கும் இடம் இன்னும் காரமானது. ஒன்றுமே இல்லாதபோது படைப்போனான பிரஜாபதி எங்கே நின்றார்? உடல் இல்லாமல் படைக்கும் விருப்பம் எப்படி வந்தது? பயன் கருதாமல் மூடன்கூட ஒரு செயலில் இறங்கமாட்டானே, அவர் என்ன பயன் கருதினார்? இன்றைய மேடையில் இதைச் சொன்னால் நாத்திகர் பேச்சு என்பார்கள். சொன்னவர் வேள்விச் சடங்கின் ஆகப் பெரிய வழக்கறிஞர்.

அதே குமாரிலர்தான், பௌத்த நூல்களில் அகிம்சை முதலான நல்ல கருத்துகள் இருப்பதைப் பற்றிப் பேசும்போது, நாய்த்தோல் பையில் ஊற்றிய பால் என்று எழுதினார். பால் நல்லதே, பை தீட்டு, ஆகவே கொள்ளத் தகாது. கருத்தின் உண்மையை அதைத் தாங்கியவரின் தகுதியைக் கொண்டு தள்ளுவது இது. வாத்ஸ்யாயனரின் மிலேச்சனையும் குமாரிலரின் நாய்த்தோல் பையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இருவருமே வேதத்தை ஏற்பவர்கள். இருவருமே தர்க்கத்தில் கரைகண்டவர்கள். எது அவர்களைப் பிரிக்கிறது? சொல்லைச் சோதிப்பதா, சொல்பவனின் பிறப்பைச் சோதிப்பதா என்ற ஒரே கேள்வி.

எதிர்முகாமிலும் இதே சிக்கல் இருந்தது. புத்தர் பேரிலான காலாம சூத்திரத்தைப் பகுத்தறிவின் சாசனமாகப் பலர் மேற்கோள் காட்டுகிறோம். கேள்விப்பட்டதால் ஏற்காதே, மரபு என்பதால் ஏற்காதே, நூலில் இருப்பதால் ஏற்காதே, ‘இவர் எங்கள் ஆசான்’ என்பதால் ஏற்காதே. இவ்வளவும் நமக்கு நினைவிருக்கிறது. அதே பட்டியலில் ‘தர்க்கத்துக்குப் பொருந்துவதால் மட்டும் ஏற்காதே’ என்றும் இருப்பதை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம். தீமை தருவது எது, நன்மை தருவது எது என்று நீங்களே அறிந்து, அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் புகழ்கிறார்கள் என்பதையும் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்பது அங்கே வரும் முடிவு. வெறும் வாதத் திறமையின் மீது புத்தருக்கும் ஐயம் இருந்தது.

பிற்காலப் பௌத்தர்கள் உரையைத் தனி அளவையாக ஏற்காமல், அனுமானத்துக்குள் அடக்கினார்கள். ஒருவர் சொன்னது சோதிக்க முடிந்த விஷயங்களில் சரியாக இருந்தால், சோதிக்க முடியாதவற்றிலும் அவரை ஏற்கலாம் என்று அனுமானிக்கிறோம், அவ்வளவுதான். 8ஆம் நூற்றாண்டில் பௌத்தர் சாந்தரட்சிதர் தொகுத்த தத்துவசங்கிரகத்தில், புத்தர் வாக்காக ஒரு சுலோகம் வருகிறது: பொன்னைக் காய்ச்சியும் வெட்டியும் உரைத்தும் பார்த்து வாங்குவதுபோல, பிக்குகளே, என் சொல்லைச் சோதித்து ஏற்றுக்கொள்ளுங்கள், என்மீதுள்ள மதிப்பால் ஏற்காதீர்கள். சமண ஆசிரியர் ஹரிபத்திரர் இன்னும் ஓரடி முன்னே போனார். மகாவீரர் மேல் எனக்குச் சார்பு இல்லை, சாங்கியத்தின் முதல்வர் கபிலர் முதலானோர் மேல் பகை இல்லை, யாருடைய சொல் யுக்திக்கு இசைகிறதோ அதை ஏற்க வேண்டும் என்றார். சொந்தச் சமயத்தின் தீர்த்தங்கரரையே முதலில் நிறுத்தி, அவரிடமும் எனக்குச் சார்பு இல்லை என்று எழுத எவ்வளவு மனத்திண்மை வேண்டும்!

வேதாந்தத்துக்கு வந்தால் குரல் மாறுகிறது. ‘இந்த அறிவு தர்க்கத்தால் அடையத்தக்கதன்று’ என்கிறது கடோபநிடதம். ‘தர்க்கத்துக்கு நிலைபேறு இல்லை’ என்கிறது வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரம். அத்வைத ஆசான் சங்கரர் இதை விளக்கும்போது நடைமுறை அனுபவத்திலிருந்து பேசுகிறார். ஒரு கெட்டிக்காரர் வருந்திக் கட்டிய வாதத்தை அவரைவிடக் கெட்டிக்காரர் உடைக்கிறார், அவருடையதை இன்னொருவர் உடைக்கிறார். கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகிய முக்காலத்துத் தார்க்கிகர்களையும் ஓரிடத்தில் கூட்டி ஒருமித்த முடிவு கேட்க முடியுமா? ஆனால் எதிர்த்தரப்பின் வாயால் அவரே எழுப்பும் கேள்வி இன்னும் நுட்பமானது: தர்க்கத்துக்கு நிலைபேறு இல்லை என்பதையும் தர்க்கத்தால்தானே நிறுவுகிறீர்கள்?

சங்கரர் தர்க்கத்தைக் கைவிட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. கீதை உரையின் 18ஆவது அத்தியாயத்தில் அவர் எழுதுகிறார்: நெருப்பு குளிர்ந்தது, ஒளியற்றது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அவை பிரமாணம் ஆகமாட்டா. கண்ணுக்கும் கருத்துக்கும் எட்டும் விஷயத்தில் வேதத்துக்குப் பேச்சு இல்லை. அவற்றுக்கு எட்டாத இடத்தில்தான் அதன் அதிகாரம். கண் நிறத்தைக் காட்டும், காது ஒலியைக் காட்டும், ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாது என்பதுபோன்ற ஓர் எல்லைப் பிரிவினை. இந்த எல்லை மதிக்கப்பட்டிருந்தால் பின்னாளின் பல சண்டைகள் தேவைப்பட்டிருக்காது.

இந்தக் கதையில் எல்லாரும் எதிர்பார்ப்பதற்கு மாறான இடத்தில் நிற்பவர் இராமானுசர். பக்தியின் பேராசான் அவர். கடவுள் உண்டு என்று அனுமானத்தால் நிறுவ முடியும் என்ற நையாயிகர் வாதத்தை பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்ய உரையின் தொடக்கப் பகுதியிலேயே துண்டுதுண்டாக்கினார். குடத்துக்குக் குயவன் உண்டு, ஆகவே உலகுக்கு ஒருவன் உண்டு என்றால், குயவனுக்கு உடல் உண்டே, பல வீடுகளைப் பலர் சேர்ந்து கட்டுகிறார்களே. உங்கள் உவமையை விரித்தால் உடலுள்ள பல கடவுளர்களல்லவா வருவார்கள்? இறைவனைச் சாத்திரம் ஒன்றாலேயே அறிய முடியும் என்பது அவர் முடிவு. அவருக்குச் சற்று முன்னே, 10-11ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த நையாயிகர் உதயணரோ, நியாய குசுமாஞ்சலி என்ற முழு நூலையே கடவுளுக்கான வாதங்களால் தொடுத்தவர். தான் செய்யும் இந்தத் தர்க்க விசாரணையே ஈசனுக்குச் செய்யும் உபாசனை என்றும் எழுதினார். ஒருவருக்குத் தர்க்கம் பூசைப்பூ. மற்றவருக்கு இறைவன் தர்க்கத்தின் பிடிக்குள் வராதவன். இருவருமே ஆழ்ந்த ஆத்திகர்கள்.

ஐயத்துக்கு எல்லை எது என்பதிலும் உதயணர் ஓர் அரிய பதில் வைத்திருந்தார். புகை கண்ட இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கும் என்று எப்படி உறுதி சொல்வாய், நாளைக்கு இல்லாமல் போகலாமே என்பது உலோகாயதர் கேள்வி. ஐயத்துக்கும் ஓர் எல்லை உண்டு, உன் ஐயமும் உன் நடத்தையும் முரண்படும் இடமே அது என்கிறார் உதயணர். புகை வேண்டும்போது நெருப்பைத் தேடிப் போகிறாய், பசித்தால் சோற்றை நாடுகிறாய். நடப்பில் விடாத நம்பிக்கையை வாயால் மறுப்பது ஐயம் ஆகாது. அத்வைதி ஸ்ரீஹர்ஷர் பின்னால் வந்து இந்தச் சுலோகத்தையே திருப்பிப் போட்டு அவரை மறுத்தார் என்பது வேறு கதை.

இதுவரை சிரத்தை என்ற சொல்லை ஒதுக்கியே வைத்திருந்தேன். அதை ‘நம்பிக்கை’ என்று மொழிபெயர்த்துவிட்டால் பாதிப் பொருள் சிந்திவிடும். கடோபநிடதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். வாசசிரவசன் எல்லாவற்றையும் தானம் கொடுக்கும் வேள்வி செய்கிறான். கொடுப்பவையோ, நீர் குடித்து முடித்த, புல் மேய்ந்து முடித்த, பால் வற்றிய, கன்று ஈன முடியாத பசுக்கள். அவற்றை ஓட்டிச் செல்லும்போது சிறுவன் நசிகேதனுக்குள் ‘சிரத்தை புகுந்தது, அவன் எண்ணினான்’ என்கிறது உபநிடதம். சிரத்தை புகுந்த உடனே அவன் செய்தது வணங்குவது இல்லை. எண்ணினான், அப்பாவிடம் போய், ‘என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்’ என்று மூன்று முறை கேட்டான். வேள்வியை மெய்யாக மதித்ததால்தான் பொய்யான வேள்வி அவனுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய சிரத்தையே அவன் கேள்விக்குத் தாய். எமன் வாசலிலும் அவன் கேள்வியை விடவில்லை. செல்வம், நீண்ட ஆயுள், அரசு எல்லாம் காட்டினாலும், இறந்தபின் உண்டா இல்லையா என்பதைச் சொல் என்று பிடிவாதமாக நிற்கிறான். கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்று சைவ சித்தாந்தமும், சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று பிருகதாரண்யகமும் வகுத்த படிகளில், நடுப்படி எப்போதும் யோசனைதான். அதைத் தாண்டிக் குதிக்க யாருக்கும் சலுகை இல்லை.

ஆனால் நடுப்படியில் நிற்க எல்லாருக்கும் இடம் இருந்ததா? மரபைப் போற்றி எழுதுவோர் இந்த இடத்தில் மௌனமாகக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது. தர்க்க சாத்திரத்தைக் கொண்டு சுருதியையும் (வேதம்) ஸ்மிருதியையும் (தர்ம நூல்கள்) அவமதிக்கும் இருபிறப்பாளனை, அதாவது பூணூல் பூண்ட மேல் வருணத்தவனை, நல்லோர் விலக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஒரு நரி தன் முற்பிறப்பைச் சொல்கிறது: வேதத்தைப் பழித்து, பயனற்ற தர்க்க வித்தையில் பற்று வைத்துச் சபைகளில் வாதாடியதால் நரியாகப் பிறந்தேன் என்று. கேள்வி கேட்பவனுக்கு இது எச்சரிக்கை. கேட்கவே அனுமதியில்லாதவர் நிலை இன்னும் கொடியது. பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் வரும் அபசூத்ராதிகரணம், சூத்திரருக்கு வேதம் கேட்கவும் பயிலவும் உரிமை இல்லை என்று தீர்க்கிறது. சங்கரரும் இராமானுசரும் தம் உரைகளில் அதை ஏற்றார்கள். ஒன்றே ஆன்மா என்று நிறுவிய நுண்ணறிவு, ஒரு மனிதனின் காதை மூடும் விதியின் முன்னே நின்றுவிட்டது. உரை ஓர் அளவை என்றால், அந்த உரையைக் கேட்கும் வாய்ப்பை மறுப்பது ஒருவனிடமிருந்து அளக்கும் கருவியையே பறிப்பது.

இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால் குறளின் குரல் தனித்துக் கேட்கிறது. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு.’ யார் வாய் என்பது பொருட்டே இல்லை. நாய்த்தோல் பை உவமைக்கு இதைவிட நேரான மறுப்பு கிடையாது. நம்பிக்கையைப் பற்றி வள்ளுவர் சொன்ன இன்னொரு குறள் எனக்கு இதைவிடவும் ஆழமாகப் படுகிறது. ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவதும் துன்பம். அரசன் அமைச்சரைத் தேர்வதைப் பற்றிய அதிகாரத்தில் இது வருகிறது என்றாலும், ஆப்தனைப் பற்றி நையாயிகர் ஏடு ஏடாக எழுதியதன் சாரம் முழுவதும் இந்த ஏழு சீரில் இருக்கிறது.

சைவ சித்தாந்தமும் அளவையை முன்னே வைத்தே நடந்தது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களைத் துதியோடு நிறுத்தாமல், ‘அவன் அவள் அது’ எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே அதற்கு ஒரு முதல் உண்டு என்ற அனுமானத்தில் தொடங்குகிறார். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற தம் நூலில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் முதல் நாற்காலியை உலோகாயதனுக்கே போட்டுக் கொடுக்கிறார். அளவைகள் பத்து என்பாரும் உண்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்பது அவர் கணக்கு. உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில், பழையது என்பதால் எல்லாம் நன்றாகிவிடாது, இன்று தோன்றிய நூல் என்பதால் தீதாகிவிடாது என்று பாடினார். வேதத்தையும் ஆகமத்தையும் தலைமேல் கொண்டவர் எழுதிய வரி அது. ‘நட்டகல்லைத் தெய்வமென்று நாலுபுட்பம் சாத்தியே’ என்று சிவவாக்கியர் கேட்டதும் தெய்வத்தை மறுக்க இல்லை. நாதன் உள்ளிருக்கிறான் என்ற நம்பிக்கையின் உச்சியிலிருந்துதான் அந்தக் கேள்வியை எறிந்தார். 1925இல் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியார் அந்த நம்பிக்கையையும் சேர்த்து மறுத்தார். ஆனால் ‘நான் சொல்வதாலேயே ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று அவர் மேடைதோறும் சொன்னபோது, அந்தப் பொன் சுலோகத்தின் உரைகல் வேறொரு கைக்கு வந்திருந்தது.

பூதவாதியைக் கேள்வியால் நிறுத்திய மணிமேகலை பிறகு காஞ்சிக்குப் போகிறாள். அங்கே அவளுடைய பௌத்த ஆசான் அறவண அடிகள் அவளுக்கு உடனே சரணம் சொல்லிக் கொடுக்கவில்லை. 29ஆவது காதையில் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று தொடங்கி, நல்ல வாதம் எது, போலி வாதம் எத்தனை வகைப்படும் என்று பௌத்த அளவை நூலையே விரித்துச் சொல்கிறார். சொன்னவற்றைக் கொண்டு எது மெய், எது பொய் என்று அவளையே ஆராயச் சொல்லிவிடுகிறார். புத்தம், தன்மம், சங்கம் என்ற மூன்று மணிகளையும் வணங்கி அவள் சரணடைவது அதற்கு அடுத்த காதையில்தான்.